லாட்ஜ் காரிடாருக்கு எக்ஸிட் போர்டு: கரண்டும் மிச்சமாகணும், ஆபத்திலும் எரியணும்

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வயரிங் வேலை செய்கிறேன். அங்கே தங்குகிறவர்களில் பலர் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வந்தவர்கள். தமிழ் படிக்கத் தெரியாது, ஆங்கிலமும் எல்லோருக்கும் வராது. அதனால் எழுத்து மட்டும் இருக்கிற போர்டை எடுக்காதீர்கள். பச்சை நிறத்தில், கதவு வழியாக ஓடும் மனிதன் படமும் அம்புக்குறியும் இருக்கட்டும். அது எந்த ஊர்க்காரருக்கும் புரியும்.

கரண்ட் கணக்குக்கு வருவோம். எக்ஸிட் போர்டு இரவு பகல் எந்நேரமும் எரிவது, வருஷத்துக்கு 8,760 மணி நேரம். டியூப் வைத்த பழைய போர்டு 10 வாட்ஸ் இழுத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 88 யூனிட். 3 வாட்ஸ் எல்இடி போர்டுக்கு 26 யூனிட்தான். இருபது போர்டு உள்ள கட்டடத்தில் வருஷத்துக்கு 1,200 யூனிட்டுக்கு மேல் மிச்சம், அதுவும் கமர்ஷியல் ரேட்டில். எல்இடி போர்டிலும் லேபிளைப் படியுங்கள். பேட்டரி சார்ஜ் ஆகும்போது இழுப்பதையும் சேர்த்து ஐந்து வாட்ஸுக்குள் இருந்தால் நல்லது.

கரண்டே வேண்டாம், இருட்டில் தானாக ஒளிரும் என்று ஒரு வகை ஸ்டிக்கர் போர்டு விற்கிறார்கள். பொருள் நல்லதுதான். ஆனால் அது மேலே விழும் வெளிச்சத்தைக் குடித்துத்தான் பிறகு ஒளிரும். காரிடார் லைட்டை அணைத்து வைக்கிற இடத்திலும், ஆள் நடந்தால் மட்டும் எரிகிற சென்சார் லைட் உள்ள இடத்திலும் அதை நம்பக்கூடாது. அதற்காகவே லைட்டை நாளெல்லாம் எரியவிட்டால் மிச்சம் எங்கே? மேலே எல்இடி போர்டு, சுவரின் அடிப்பக்கம் இந்த ஒளிரும் பட்டை என்று இரண்டையும் வைக்கத்தான் நான் சொல்வேன். புகை மேலே ஏறிக் கூரையை மறைத்துவிடும். தவழ்ந்து வருகிறவர் கண்ணுக்குக் கீழே இருப்பதுதான் தெரியும்.

பேட்டரி விஷயத்தில் கொஞ்சம் பொறுமையாக இருங்கள், போர்டின் உயிரே அதுதான். கரண்ட் போனபின் அவசர விளக்கு குறைந்தது ஒன்றரை மணி நேரம் எரிய வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பு. நம்ம ஊர் அக்னி நட்சத்திர வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். மொட்டை மாடிக்கு அடுத்த தளத்தில், கான்கிரீட்டை ஒட்டித் தொங்கும் போர்டுக்குள் இன்னும் அதிகம். சூடு ஏற ஏற பேட்டரி ஆயுள் குறையும். நிக்கல் காட்மியம் சூட்டை ஓரளவு தாங்கும், ஆனால் எப்போதும் கொஞ்சம் சார்ஜ் இழுத்துக்கொண்டே இருக்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் சார்ஜை நன்றாகப் பிடித்து வைக்கும், அதனால் கரண்ட் செலவு குறைவு. எதுவானாலும் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று லேபிளில் எழுதியிருக்கிறதா பாருங்கள். பிளக்கைக் கழற்றிப் புது பேட்டரி மாட்ட முடிகிற போர்டையே வாங்குங்கள். உள்ளேயே ஒட்டி மூடியதை வாங்கினால் பேட்டரி செத்ததும் போர்டு முழுவதும் குப்பைதான்.

மாதாந்திர பராமரிப்புக்காகக் காலை முதல் பல மணி நேரம் கரண்ட் நிறுத்தும் நாளில் ஜெனரேட்டர் லைனில் இல்லாத போர்டு பேட்டரியை முழுக்கக் காலி செய்துவிடும். திரும்ப முழுக்க சார்ஜ் ஏற ஒரு நாள் வரை ஆகலாம். அந்த இரவில் தீப்பிடித்தால்? ஆகவே ஜெனரேட்டர் லைனோடு சேர்த்துவிடுங்கள். அந்த லைனின் இடையில் சுவிட்ச் மட்டும் வைக்காதீர்கள், யாராவது ராத்திரி அணைத்துவிடுவார்கள்.

அளவுக்கு ஒரு வழி: உள்ளிருந்து ஒளிரும் போர்டில் படத்தின் உயரத்தைப் போல இருநூறு மடங்கு தூரம் வரை தெரியும். 15 செ.மீ. படம் என்றால் 30 மீட்டர். கதவுப் பலகையிலேயே ஒட்டாதீர்கள், திறந்தால் மறைந்துவிடும். கதவு நிலைக்கு மேலே சுவரில் மாட்டுங்கள்.

டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். வருஷத்துக்கு ஒருமுறை கரண்டை நிறுத்தி, ஒன்றரை மணி நேரமும் எரிகிறதா என்று பார்த்து, தேதியை மார்க்கரால் போர்டின் பக்கவாட்டில் எழுதி வையுங்கள். பாதியில் மங்கினால் அந்த வாரமே பேட்டரியை மாற்றுங்கள்.