ஆஸ்திரேலிய சிங்கிள் மால்ட்: பீப்பாய்க்கு அடியில் பார்லியைத் தேடுவது எப்படி?

ஆஸ்திரேலிய சிங்கிள் மால்ட்டை (ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்த விஸ்கி) முதன்முதலில் கிளாஸில் ஊற்றுபவர் நிறத்தைப் பார்த்து ஏமாறுவார். பதினெட்டு வருடச் சரக்கு போலக் கருஞ்சிவப்பாக இருக்கும். உண்மை வயது பெரும்பாலும் அதில் பாதிகூட இராது.

காரணம் பீப்பாய். 1901-ம் ஆண்டுச் சட்டப்படி 2,700 லிட்டருக்குக் குறைந்த வடிகலனுக்கு அங்கே உரிமம் கிடைக்காமல் இருந்தது. லார்க் விஸ்கியின் நிறுவனர் பில் லார்க் முயன்று அந்தத் தடை நீங்கியதும், 1992-ல் டாஸ்மேனியாத் தீவின் ஹோபார்ட்டில் சிறிய அளவில் வடிக்கத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த டாஸ்மேனியர்கள் பலரும் 100 லிட்டர் பீப்பாய்களையே நம்பினார்கள். பீப்பாய் சிறுக்கச் சிறுக்க ஒவ்வொரு லிட்டர் சரக்கின் மீதும் மரம் கூடுதலாகப் படும். முன்பு அதில் இருந்த ஒயினும் சீக்கிரம் ஊறி இறங்கும்.

1. மூன்று வகை போதும். ஸ்டார்வர்டு நோவா (41% ஆல்கஹால், சிவப்பு ஒயின் பீப்பாய்), லார்க் கிளாசிக் காஸ்க் (43%), 58% அளவில் ஏதாவதொரு காஸ்க் ஸ்ட்ரெங்த் (தண்ணீர் கலக்காமல் பீப்பாயில் இருந்த வீரியத்திலேயே பாட்டிலில் அடைத்தது). வரிசையை மாற்றாதீர்கள், 58-ல் தொடங்கினால் நாக்கு மரத்துப்போய் மற்ற இரண்டும் சப்பென்று இருக்கும்.

2. வயிறு அகன்று வாய் குறுகிய கிளாஸில் 15 மி.லி. மட்டும் ஊற்றுங்கள். இருமல் மருந்து மூடியே அளவுக்குப் போதும். பத்து நிமிடம் விடுங்கள். ஐஸ் வேண்டாம், குளிர்ந்தால் வாசனை எழாது. பக்கத்தில் ஊதுபத்தியும் கூடாது.

3. கிளாஸை மோவாய்க்கு நேரே பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி மெல்ல மேலே கொண்டுவாருங்கள். மூக்கை உள்ளே நுழைத்தால் ஆல்கஹால் ஏறி, சில நிமிடங்களுக்கு எதுவும் தெரியாது. முதலில் வரும் பேரீச்சை, உலர்திராட்சை, வெல்லப்பாகு எல்லாம் பீப்பாயின் பேச்சு. அவற்றை ஒதுக்கிவிட்டுத் தேடுங்கள்: வறுத்த தானியம், ஹார்லிக்ஸ், பிஸ்கட். அதுதான் பார்லி. பச்சை மாவு வாடையோ நெயில் பாலிஷ் நெடியோ தூக்கலாக இருந்தால், சரக்கு இன்னும் இளசு. நிறம் அதை மறைத்திருக்கிறது.

4. முதல் மடக்கு வாயைப் பழக்கத்தான். இரண்டாவதைப் பத்து விநாடி நாக்கில் நிறுத்தி விழுங்குங்கள். கொதித்துக் கறுத்த டீ போல ஈறு வறண்டு துவர்த்தால் மரம் மிஞ்சிவிட்டது. சிறு பீப்பாயில் அதிகம் நடக்கும் கோளாறு இதுதான். தண்ணீர் விட்டாலும் இது போகாது.

5. 58 சரக்கில் மட்டும் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. தண்ணீர், கிட்டத்தட்ட 43.5 சதவீதத்துக்கு இறங்கும். சொட்டுச் சொட்டாக விட்டு, இடையிடையே மோந்து பாருங்கள். மொத்தமாகக் கொட்டினால் வாசனை எந்த இடத்தில் திறந்தது என்று தெரியாமலே போய்விடும். 41, 43-க்கு இரண்டு மூன்று சொட்டு தாராளம்.

இத்தனைக்கும் பார்லி பிடிபடவில்லையா? ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு, காயும்வரை தேய்த்து மோந்து பாருங்கள். குடித்து முடித்த கிளாஸையும் கழுவாமல் வையுங்கள். காலையில் அதன் அடியில் தானிய வாசனை கிடைக்கும்.