தைவானுக்கு மிஷனரியாகப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை, தலையில் ஹெல்மெட். இப்படி ஜோடி ஜோடியாகச் சைக்கிளில் போகும் வெளிநாட்டுப் பையன்களைத் தைவான் நகரங்களில் அடிக்கடி பார்க்கலாம். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, அதாவது மார்மன் சபை, 1956 முதல் அங்கே மிஷனரிகளை அனுப்பி வருகிறது. பையன்களுக்கு 2 வருஷம், பெண்களுக்கு 18 மாதம். எந்த நாட்டுக்குப் போவது என்பதைச் சபைதான் முடிவு செய்யும். புறப்படும் முன் எல்லோரும் பயப்படுவது மாண்டரின் மொழிக்குத்தான். உண்மையில் மொழியில் தடுமாறினால் எதிரில் இருப்பவர் சிரித்துக்கொண்டே திருத்திவிடுவார். பெயர் கெடுவது வேறு விஷயங்களில்.

முதலில் டீ. இந்தச் சபையார் டீ, காபி தொடுவதில்லை. 1833-ல் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் தந்த உடல்நல விதி அது. கிரீன் டீ, ஐஸ் டீக்கும் அது பொருந்தும். தைவானிலோ விருந்தாளி உட்கார்ந்ததும் பல வீடுகளில் முதலில் வருவது டீதான். ஒரு பெரியவர் சின்ன மண் கெண்டியில் வெந்நீர் ஊற்றி, முதல் வடிநீரைக் கீழே கொட்டிவிட்டு, இரண்டு வாய்க்குக்கூடக் காணாத கிண்ணத்தில் ஊலாங் டீயை நிரப்பி நீட்டுகிறார். அந்த நேரம் பார்த்து "எங்கள் மதத்தில் இது கூடாது" என்று பட்டென்று சொல்வதுதான் புதிதாக வந்தவர் செய்யும் பெரிய தவறு. நீட்டிய காபியை வேண்டாம் என்றால் நம் வீட்டுப் பாட்டி முகம் எப்படிப் போகும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊற்றிய பிறகு மறுக்காதீர்கள்; உட்காரும்போதே வெந்நீர் கேட்டுவிடுங்கள். வெறும் வெந்நீர் குடிப்பது அங்கே சாதாரணம், யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். கடைக்கு அழைத்துப் போனால் வெண்பூசணியைச் சர்க்கரையோடு காய்ச்சிய பானம் இருக்கிறது. பேரில் டீ இருந்தாலும் அதில் தேயிலை கிடையாது. காரணம் கேட்டால் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். கிண்ணம் நீட்டிய கையைக் காக்க வைத்துப் பிரசங்கம் செய்யக் கூடாது.

அதே வீட்டில் முன்னோருக்கான பூஜை மாடம் இருக்கலாம். அதைப் பார்த்து முகம் சுளிப்பது, வந்த முதல் நாளே விவாதத்துக்கு இழுப்பது, இரண்டும் வேண்டாம். நிலவு நாட்காட்டியின் 7-வது மாதத்தில் கடை வாசலில் மேஜை போட்டு ஆவிகளுக்குப் படையல் வைத்திருப்பார்கள்; சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டு சுற்றிப் போங்கள். சோற்றில் சாப்பிடும் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், அது இறந்தவர்களுக்கு ஏற்றும் ஊதுபத்தி மாதிரி இருக்கும்.

அடுத்தது கம்பானியன், அதாவது ஜோடி. இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஆனால் யாரும் பேசுவதில்லை. காலை 6.30-க்கு எழுந்ததிலிருந்து இரவு 10.30-க்கு விளக்கை அணைக்கும்வரை இருவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது விதி. ஜோடியை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. 6 வாரத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபர், அதாவது ஜோடியோ ஊரோ மாறும் வாய்ப்பு, வரும் என்பதால், "கொஞ்ச நாள்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம்" என்று நினைக்கத் தோன்றும். கழுவாத தட்டு, அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பப் படுப்பது, ஒரே ஜோக்கைப் பத்தாவது தடவை சொல்வது, எல்லாம் சேர்ந்து ஒருநாள் நடுரோட்டில் வெடிக்கும். வாரா வாரம் இருவரும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேச ஒரு நேரம் ஒதுக்கியிருக்கிறது. அதை "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று இரண்டு நிமிஷத்தில் முடிப்பவர்கள்தான் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள். ஜோடி தைவான்காரராக இருந்தால் இன்னொரு ஆபத்து: பேச்சு முழுவதையும் அவர் தலையில் கட்டிவிட்டுப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்பது. ஆறு மாதம் ஆனாலும் மொழி வராது.

குப்பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். குப்பை வண்டி பீத்தோவனின் 'ஃபூர் எலீஸ்' மாதிரி ஒரு மெட்டைப் போட்டுக்கொண்டு வரும். அக்கம்பக்கத்தார் எல்லோரும் பையோடு கீழே நிற்பார்கள். தைபேயில் 2000 முதல் அரசு விற்கும் பையில் கட்டிய குப்பையை மட்டுமே வாங்குவார்கள். மீந்த உணவு தனி, மறுசுழற்சிக்கானது தனி. பையைத் தெருமுனையில் வைத்துவிட்டு வந்தால் அபராதம் ஒரு பக்கம். "அந்த வெளிநாட்டுப் பசங்க" என்ற பெயர் சந்து முழுக்கப் பரவுவது இன்னொரு பக்கம். அந்தப் பெயரோடு எந்தக் கதவைத் தட்டுவீர்கள்? மாறாக, வண்டிக்குக் காத்திருக்கும் அந்தப் பத்து நிமிஷத்தில் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிப் பாருங்கள். மணிக்கணக்காகக் கதவு தட்டுவதைவிட அதில் பலன் அதிகம் என்பேன்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்கள் கவனிக்க: அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடும். தெருவைக் கடக்கும்போது தலை பழக்கத்தில் தப்பான பக்கம்தான் திரும்பும். இடப்பக்கம் திரும்ப வேண்டிய சைக்கிள், முதலில் நேராகக் கடந்து, அங்கே நின்று, அடுத்த பச்சைக்குத்தான் போக வேண்டும். ஸ்கூட்டர் கூட்டத்துக்கு நடுவே குறுக்கே வெட்டாதீர்கள்.

காய்ச்சலை மறைப்பது வீரமல்ல. மிஷனரிகளுக்குப் பொறுப்பான மிஷன் தலைவரின் மனைவிதான் பெரும்பாலும் உடல்நலம் சம்பந்தமான அழைப்புகளைக் கவனிப்பார். முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

2019-க்கு முன் வீட்டுக்குப் போன் பேசுவது கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான். இப்போது வாரம் ஒருமுறை பேசலாம். வசதிதான், ஆனால் புலம்பல் முழுவதையும் அம்மாவிடம் கொட்டினால் உங்களுக்கு மறுநாள் சரியாகிவிடும், அவருக்கு அடுத்த அழைப்புவரை தூக்கம் போய்விடும்.

கடைசியாக, டிரான்ஸ்ஃபர் வந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு சொல்லாமல் கிளம்பாதீர்கள். இத்தனை பேரைச் சந்தித்தோம் என்ற வாரக் கணக்கு உங்கள் தலைவர்களுக்கு. உங்களோடு பேசிய மனிதருக்கு நீங்கள் திடீரென்று காணாமல் போனவர். நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்து வருபவருக்கான பதிவில் பெயரோடு நிறுத்தாமல், அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி, நாலாவது மாடியிலிருந்து இறங்க நேரமாகும், மணியை ஒருமுறை மட்டும் அடித்துவிட்டுக் காத்திருக்கவும் என்று எழுதி வையுங்கள்.