பழைய காரின் சட்டகம்: வெல்டிங் தொடங்குவதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

சிங்கப்பூரில் 35 வயதைக் கடந்த காரைப் பழமை வாகனத் திட்டத்தில் பதிந்தால் ஆண்டுக்கு 45 நாள் ஓட்ட அனுமதி உண்டு. மற்ற நாள்களில் அது உறைபோட்டு நிற்கும். சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊரில், மழையில் நனைந்த காருக்கு உடனே உறை போட்டு மூடினால் துருவுக்கு வேறென்ன வேண்டும்? பிரிட்டனிலிருந்து இறக்குமதியான வண்டி என்றால், அங்கே குளிர்காலச் சாலையில் தூவும் உப்பையும் அடிவயிற்றில் சுமந்துகொண்டே வந்திருக்கும். பளபளக்கும் பெயின்ட்டைப் பார்த்து வாங்கியவர்களுக்கு, வண்டியையே தாங்கும் எலும்புக்கூடான சட்டகத்தின் நிலைமை பரிசோதனை நாளில்தான் தெரியவருகிறது. பிறகு அவசரம். அந்த அவசரத்தில் நடக்கும் தவறுகளைப் பார்ப்போம்.

முதலில், வண்டியின் எலும்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமலே வேலையைத் தொடங்குவது. பழைய லேண்ட் ரோவருக்கு ஏணி போன்ற தனிச் சட்டகம் உண்டு. உடலைக் கழற்றி வைத்துவிட்டு அதை மட்டும் பழுதுபார்க்கலாம். மோரிஸ் மைனர், எம்ஜிபி போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களில் அப்படி எதுவும் கிடையாது. உடலே சட்டகம். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப்பகுதியை அழகுத் தகடு என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கூரையில்லாத எம்ஜிபியில் வண்டி நடுவில் தொய்யாமல் தாங்குவதே பெரும்பாலும் அந்தப் பெட்டிதான். அதில் வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என மூன்று அடுக்குகள் உண்டு. வெளித்தகட்டை மட்டும் புதிதாக மாற்றிவிட்டு ‘முடிந்தது’ என்று சொல்லும் பட்டறையை நம்பவே கூடாது. உள்ளே இருக்கும் இரண்டும் மட்கியிருந்தால் புதுத்தகடு வெறும் திரை.

கண்டுபிடிப்பது ஒன்றும் கடினமில்லை. ஒரு ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் அந்தப் பெட்டியின் அடிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். ஓட்டையை மறைக்கப் பட்டிப்பசை (புட்டி) அடைத்த இடம் ‘தொப்’ என்று அடங்கிவிடும். அங்கே காந்தத்தை வைத்தால் ஒட்டாது. கூர்முனையால் குத்தினால் பழுப்புத் தூள் கொட்டும். அடியில் தார்ப்பூச்சு புதிதாக, தடிமனாக, ஓரிடத்தில் மட்டும் இருந்தால் முதலில் அதைச் சுரண்டிப் பாருங்கள். காரணமில்லாமல் யாரும் அங்கே அதைப் பூசுவதில்லை.

இரண்டாவது தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது: அளக்காமல் வெட்டுவது. தூக்குக்குண்டும் நீட்டளவு நாடாவும் போதும். சஸ்பென்ஷன் பொருந்தும் துளைகளிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, அது தொடும் புள்ளிகளைத் தரையில் சுண்ணக்கட்டியால் குறிக்க வேண்டும். பிறகு இடது முன்னிலிருந்து வலது பின்னுக்கும், வலது முன்னிலிருந்து இடது பின்னுக்கும் குறுக்கே அளந்து ஒப்பிட வேண்டும். மூலைவிட்டங்கள் இரண்டும் ஒத்துப்போனால் பக்கவாட்டுக் கோணல் இல்லை என்று பொருள். உயரத்தைத் தனியாக அளக்க வேண்டும். பட்டறைத் தரையே சமமாக இருக்காது என்பதால் ரசமட்டம் பிடித்துத்தான் அளக்க வேண்டும். காரின் தொழிற்சாலைக் கையேட்டில் அடிப்படைக் கோட்டிலிருந்து ஒவ்வொரு துளைக்கும் அளவு கொடுத்திருப்பார்கள். கையேடு இல்லாமல் இடதையும் வலதையும் ஒப்பிட்டு மட்டும் தீர்ப்புச் சொன்னால் மாட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. ரெனோ 4 காரில் சக்கர இடைவெளி ஒரு பக்கத்தைவிட மறுபக்கத்தில் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் அதிகம். அது விபத்தின் கோணலன்று, வடிவமைப்பே அப்படி. அதை ‘நேராக்க’ இழுத்தால் காரின் கதை முடிந்தது.

அளவெடுத்த பின், வெட்டுவதற்கு முன், முட்டுக்கொடுக்க வேண்டும். கதவுகளைக் கழற்றி, வண்டியை நடுவில் ஜாக்கியால் தூக்கி, பெட்டியை அறுத்தால் இரு முனைகளும் தொங்கிவிடும். அந்த நிலையில் புதுத்தகட்டைப் பற்றவைத்தால் கோணல் நிரந்தரமாகிறது. பிறகு கதவு மூடாது. கீலைத் தள்ளியும் தட்டியும் சரிக்கட்டப் பார்ப்பார்கள். சரியான முறையில், காரின் எடையைச் சக்கரங்கள் தாங்கும் இடங்களிலேயே தாங்கவைத்து, கதவுச் சட்டத்தின் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் இடையே சதுரக் குழாயைப் பற்றவைத்து, ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுவார்கள். இடையிடையே கதவை மாட்டி இடைவெளியைப் பார்ப்பார்கள். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் கூலியே அதற்குத்தான்.

மோதலில் வளைந்த சட்டகத்தை இழுக்கும்போது, கடைசியாக வளைந்ததை முதலில் நிமிர்த்துவது வழக்கம். எஃகு சற்றே பின்வாங்கும் என்பதால் இழுப்பதும் தளர்த்துவதும் அளப்பதுமாகப் படிப்படியாகத்தான் போக வேண்டும். வளையவில்லை என்று எரிவாயுச் சுடரால் செக்கச்சிவக்கக் காய்ச்சி, தண்ணீரையும் ஊற்றுபவர்களிடமிருந்து வண்டியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். இழுவைச் சங்கிலியின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. அறுந்த சங்கிலி ஆளைக் கொன்றுவிடும்.

ஜாகுவார் ஈ-டைப்பின் முன்சட்டகம் தனி வகை. மெல்லிய எஃகுக் குழாய்களை உருக்கிய பித்தளையால் இணைத்துச் செய்தது. துரு உள்ளிருந்தே அரிக்கும். அதன்மேல் ஒட்டுத்தகடு வைத்து வெல்டிங் செய்வது வீண்வேலை. புதுச் சட்டகம் வாங்கிப் பூட்டுவதே முறை.

இனி உயிர் சம்பந்தப்பட்டவை. பெட்ரோல் தொட்டியைக் காலி செய்துவிட்டதால் ஆபத்தில்லை என்பது தவறான எண்ணம். காலித் தொட்டியில் நிறைந்திருக்கும் ஆவிதான் வெடிக்கிறது. தொட்டியைக் கழற்றி, வெகுதூரம் கொண்டுபோய் வைக்க வேண்டும். குளோரின் கலந்த பிரேக் துப்புரவுத் திரவத்தால் துடைத்த இடத்தில் வெல்டிங் செய்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு எழும். அந்தக் காலக் கார்களின் மூட்டுகளில் ஈயம் நிரப்பியிருப்பார்கள். அதைக் கிரைண்டரால் தேய்த்துத் தூளை மூச்சிழுக்கக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகக் கூடாது; இரும்புத் தாங்கிகள் வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்ககங்களின் கார் நிறுத்துமிடம் இந்த வேலைகளுக்கான இடமன்று. காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ இருக்கும் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

வெல்டிங்கைப் பொறுத்தவரை ஒன்றுதான்: ஒரு மில்லிமீட்டர் தகட்டில் நீளமாக ஒரே கோடு இழுத்தால் வெப்பத்தில் நெளியும். இடம்விட்டு இடம் மாற்றிச் சிறிது சிறிதாகப் பற்றவைக்க வேண்டும். முடிந்ததும் பெட்டியின் உட்புறத்தில் மெழுகு தெளிக்க வேண்டும். வடிகால் துளைகளை வெல்டிங்கால் அடைத்துவிட்டால் அடுத்த மழைப் பருவத்திலேயே புதுத்தகடும் மட்கத் தொடங்கும்.

சட்டகத்தில் பொறித்திருக்கும் எண் இருக்கும் இடத்தை அறுக்க நேர்ந்தால் கைவைக்கும் முன்பே நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேளுங்கள். அந்த எண்தான் காரின் அடையாளம். அறுத்த பின் விளக்கம் சொல்வது கடினம். பட்டறையிடம் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுத்தாளையும், தகடு மூடுவதற்கு முன் உட்புறத்தின் படங்களையும் கேட்டு வாங்குங்கள். “எங்களுக்குக் கண்ணளவே போதும்” என்று பதில் வந்தால் சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த பட்டறையைப் பாருங்கள்.