மார்த்தாண்டத்தில் ஓடாத என் ஸ்கூட்டருக்கு அபராதம்

அன்று முழுக்க ஸ்கூட்டர் வடசேரியில் எங்கள் வீட்டு முற்றத்தில்தான் நின்றது. மார்த்தாண்டத்தில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டியதாக 1,000 ரூபாய் அபராதம் என்று எஸ்எம்எஸ் வந்தது.

இப்படி வந்தால் உடனே பணம் கட்டாதீர்கள். மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் (போக்குவரத்து அபராதச் சீட்டு) தளத்தில் சலான் எண்ணைப் போட்டு, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எனக்கு வந்த படத்தில் இருந்தது கறுப்பு பைக். அதன் நம்பரில் இருந்த 3-ஐ 8 என்று பதிந்து என் தலையில் கட்டியிருந்தார்கள். அந்தத் தளத்திலேயே புகார் பகுதி உண்டு. சலான் எண், ஆர்சி நகல், நம்பர் தெரியும் வண்டிப் படம் எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் சலான் என்று வரும் ஏபிகே கோப்பை (போனில் ஆப் ஏற்றும் கோப்பு) தொடவே வேண்டாம், அது திருட்டு.