ஃபோன் போர்ட் வரைபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனில் என் ரிப்பேர் மேசைக்கு இப்போது பழுதான ஃபோன்களோடு வரைபடங்களும் வருகின்றன. கிகாட் என்ற வரைபட சொஃப்ட்வெயார் பழகிய இளையவர்கள், வரைபடத்தை எல்லோருக்கும் திறந்துவிடும் திறந்த வன்பொருள் ஃபோனுக்கு போர்ட் (சர்க்யூட் பலகை) வரைந்து, அடிக்கக் கொடுக்கும் முன் ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள். பார்த்தால், நாங்கள் தொடக்கத்தில் விட்ட அதே பிழைகள். தடம் ஒட்டிக்கொள்வது, இணைப்பு விடுபடுவது போன்றவற்றை கிகாட்டே காட்டிவிடும். போர்ட் கைக்கு வந்து, உயிர் வராமல் கிடக்கும்போதுதான் தெரியவரும் பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

மீட்கும் வழியை சொஃப்ட்வெயாரிடம் விடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. "வொல்யூம் பட்டனை அமத்திக்கொண்டு ஒன் பண்ணினா ரிகவரி வரும் அண்ணா" என்பார்கள். சரி, பட்டன் அமத்தியிருக்கிறதா என்று பார்ப்பது யார்? யூ-பூட், ஒன் பண்ணியதும் ஃபோனை எழுப்பும் சொஃப்ட்வெயார். அந்த யூ-பூட்டே கெட்டுப்போனால்?

போன மழைக்காலத்தில் தலவாக்கலைத் தம்பி ஒருவர் கொண்டுவந்த போர்ட்டுக்கு இதுதான் நடந்தது. புது யூ-பூட் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. போர்ட்டின் மூளையான சிப் ராக்சிப் ஆர்கே3399. அதன் பூட் ரோம், அதாவது சிப்புக்குள்ளேயே பதிந்த முதல் புரோகிராம், எதிலிருந்து எழுவது என்று முதலில் எஸ்பிஐ மெமரி, அடுத்து இஎம்எம்சி (போர்ட்டில் ஒட்டிய முதன்மை மெமரி), கடைசியில்தான் எஸ்டி கார்ட் என்று தேடும். எதிலும் ஒன்றும் கிடைக்காவிட்டால் மாஸ்க்ரோம் என்ற மீட்பு நிலைக்குப் போய், கணினி யூஎஸ்பியில் புரோகிராம் அனுப்பக் காத்திருக்கும். எல்லாம் அழிந்திருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் இஎம்எம்சியில் யூ-பூட்டின் முதல் பகுதி நன்றாக இருந்தது, அடுத்தது பாதியில் நின்றிருந்தது. பூட் ரோம் முதல் பகுதியைச் சரிபார்த்து அதனிடம் வேலையைக் கொடுத்துவிட்டது. போர்ட் அங்கேயே உறைந்தது. கார்டை மாற்றி மாற்றிப் போட்டும் பயனில்லை.

இஎம்எம்சிக்குத் தாளம் கொடுக்கும் கிளாக் தடத்தை கிரவுண்டோடு தொட்டுப் பிடித்துக்கொண்டு ஒன் செய்தால், பூட் ரோமுக்கு அந்த மெமரி தெரியாது, மாஸ்க்ரோம் திறந்துவிடும். தம்பி அந்தத் தடத்தை உள் அடுக்கில் ஓட்டியிருந்தார். மெமரியின் கால்களோ சிப்புக்கு அடியில். ஹாட் ஏர் பிடித்துக் கழற்றும்போது ஒரு பேட் (சால்டர் பிடிக்கும் செம்புத் திட்டு) பிய்ந்து வந்தது, அதோடு போர்ட் முடிந்தது. அந்தத் தடத்தில் ஒரு சின்ன பேட் வெளியே விட்டிருந்தால், சாமணத்தால் ஒரு தொடுதலில் தீர்ந்திருக்கும்.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் இல்லை. 2007இல் வந்த ஓப்பன்மோக்கோ நியோ 1973 என்ற திறந்த ஃபோனில் பூட்லோடர், அதாவது யூ-பூட், போனால் டிபக் போர்ட் என்ற தனிப் பலகை இல்லாமல் மீட்க முடியாது. அடுத்த ஆண்டு வந்த ஃப்ரீரன்னரில், சாதாரணமாக அழிக்க முடியாத தனி நோர் மெமரியில் இன்னொரு யூ-பூட்டை வைத்துவிட்டார்கள். லினக்ஸ் ஃபோனான பைன்ஃபோனின் ஆல்வின்னர் ஏ64 சிப்போ இஎம்எம்சிக்கு முன்னால் எஸ்டி கார்டைப் பார்க்கும். உள்ளே என்ன கெட்டாலும் ஒரு கார்ட் போதும். உங்கள் சிப் அப்படி இல்லையென்றால் கிளாக்கை கிரவுண்டில் இழுக்கும் பட்டன் ஒன்றை வைத்தே ஆக வேண்டும். இடமில்லை என்று சொல்லாதீர்கள்.

யூஆர்ட் பேடை ஷீல்டுக்கு அடியில் வைப்பது

யூஆர்ட் என்பது, போர்ட் தன் நிலையைக் கணினிக்குச் சொல்லும் சீரியல் வழி. அதன் பேடை, சிப்பை மூடும் தகரத்துக்கு அடியில் வைக்காதீர்கள்.

வோல்ட்டையும் வேகத்தையும் எழுதாமல் விடுவது

பைன்ஃபோன் ஹெட்ஃபோன் துளை வழியாகவே சீரியல் தரும், பின்மூடிக்குள் இருக்கும் ஆறாவது சுவிட்சை மாற்றினால் போதும். அது 3.3 வோல்ட். வேறு பல சிப்களில் 1.8. பேடுக்குப் பக்கத்திலேயே அச்சில் எழுதிவிடுங்கள், 5 வோல்ட் சீரியல் அடாப்டரை யாராவது மாட்டத்தான் போகிறார்கள்.

வேகமும் அப்படித்தான். ராக்சிப் போர்டுகள் பெரும்பாலும் வினாடிக்கு 1500000 பிட் வேகத்தில் பேசும். கணினியோடு இணைக்கும் சிபி2102 அடாப்டர் 1000000க்கு மேல் போகாது. திரையில் குப்பை எழுத்து வந்ததும் போர்ட் செத்துவிட்டது என்று நினைத்து, நல்ல சிப்பைக் கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டெஸ்ட் பேடை வெறும் செம்பாக விடுவது

நம் மலையின் ஈரத்துக்குப் பச்சை பிடித்துவிடும். தங்கப் பூச்சு கேளுங்கள்.

பெட்டரி இல்லாமல் எழாத போர்ட்

பெட்டரி இணைப்புக்குப் பக்கத்தில், பவர் சப்ளை கிளிப் கடிக்கிற அளவுக்கு இரண்டு பேட் விடுங்கள். எது பிளஸ், எது மைனஸ் என்று அச்சிலும் போடுங்கள்.