ஓட்டோ இரைச்சலை மீறிக் கேட்கும் ரிங்டோன்

பிடித்த பாட்டு வேறு, ரிங்டோனுக்கு ஏற்ற பாட்டு வேறு. திருகோணமலை பஸ் நிலையத்துப் பக்கம் ஓட்டோ ஓட்டுகிறவன், அடித்துச் சொல்வேன். நிலாவெளி வீதியில் கடற்காற்று ஒரு பக்கம், என்ஜின் இரைச்சல் மறுபக்கம். சட்டைப் பைக்குள் மெல்லிசாக வீணை வாசித்தால் யாருக்குக் கேட்கும்? ஹயர்தான், அதாவது சவாரிதான், கைநழுவும்.

போன் ஸ்பீக்கர் மிகச் சின்னது. தவில், பேஸ் கிட்டார் மாதிரிக் கனத்த ஒலி அதில் பாதிகூட வெளியே வராது. நாதஸ்வரம், புல்லாங்குழல், ட்ரம்பெட், உச்சத்தில் எடுக்கும் பெண்குரல், இவை இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வரும். நம் நாட்டுத் துள்ளல் பாட்டான பைலாவும் நன்றாக எடுபடும். என்ன, பின்சீட்டில் இருப்பவர் சேர்ந்து தாளம் போடத் தொடங்கிவிடுவார்.

பாட்டின் பெயர் தெரியாதா? கூகுள் செயலியில் மைக்கைத் தொட்டு, பாட்டுத் தேடும் வசதியைத் திறந்து, பத்துப் பதினைந்து விநாடி மெட்டை முணுமுணுங்கள். சொல் தேவையில்லை, 'ம்ம்' போதும். ஆனால் ஸ்டாண்டில் நின்று செய்யாதீர்கள், ஹோர்ன் சத்தத்தில் அது குழம்பிவிடும்.

அடுத்தது கோப்பு. பாட்டுச் செயலிகளுக்குள் இறக்கி வைத்தவை பூட்டிய பெட்டிக்குள் இருப்பவை, ரிங்டோனுக்கு உதவாது. காசு கொடுத்து வாங்கிய, அல்லது உங்கள் சிடியிலிருந்து எடுத்த எம்பி3 வேண்டும்.

வெட்டுவதில்தான் விஷயமே இருக்கிறது. அன்ட்ரொயிட்டில் ரிங்டோன் வெட்டும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டு அலை அலையாகத் திரையில் தெரியும். அலை தடித்த இடம் சத்தம் கூடிய இடம். நம் பாட்டுகளில் பல்லவிக்கு முன் நீளமாக இசை ஓடும். அதை விட்டுவிட்டு, பல்லவியின் முதல் சொல்லுக்குச் சற்று முன்னால் தொடக்கக் கோட்டை வையுங்கள். மெதுவாகத் தொடங்கும் 'ஃபேட் இன்' வேண்டாம். முடிவை ஒரு வரி முடியும் இடத்தில் வெட்டுங்கள். ரிங்டோன் திரும்பத் திரும்ப ஓடுமல்லவா, பாதிச் சொல்லில் அறுந்தால் கேட்கவே எரிச்சல். இருபது, இருபத்தைந்து விநாடி தாராளம். ஐபோன்காரர்கள் கராஜ்பேண்ட் என்ற செயலியில் முப்பது விநாடிக்குள் செய்துகொள்ளலாம்.

முதல் சொல்லையும் கவனியுங்கள். சாவு, பிரிவு என்று தொடங்கும் சோகப் பாட்டை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஒரு அம்மாவை ஏற்றிப் போனால், போன் அடிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

அப்புறம் செட்டிங்ஸில் சவுண்ட், ரிங்டோன் என்று போய் அந்தத் துண்டைத் தெரிவு செய்தால் சரி. மொடலுக்கு மொடல் பெயர் கொஞ்சம் மாறும். வீட்டுக்காரிக்குத் தனி ரிங்டோன் வேண்டுமென்றால் தொடர்பு எண்ணில் அவர் பெயரைத் திறந்து அங்கேயே மாற்றலாம்.

இனிச் சோதனை. என்ஜினை ஓடவிட்டு, போனைப் பையில் போட்டு, பக்கத்து ஓட்டோத் தம்பியிடம் ஒரு மிஸ்ட் கோல் கேளுங்கள். கேட்கவில்லையென்றால் வேறு துண்டு வெட்டுங்கள். உயிருக்கு உயிரான பாட்டை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். நாள் முழுக்க அடித்து அடித்து அதுவே அலுத்துப்போகும். அதற்கு அடுத்ததாகப் பிடித்தது போதும்.

மூதூர் நானா ஒருவர், "நான் உங்களுக்குக் கோல் எடுத்தால் உங்கள் புதுப் பாட்டுக் கேட்கவில்லையே" என்றார். அது கோலர் டியூன், நானா. அழைப்பவர் காதில் கேட்பது; போன் கம்பனியிடம் கேட்டுப் போடவேண்டும், பெரும்பாலும் காசும் பிடிப்பார்கள்.