புது மாட்டைக் கூட்டத்தில் சேர்க்கும்போது ஈஸ்ட்டும் சோடா உப்பும் கொடுக்கும் முறை

கட்டிப்போடாமல் திறந்தவெளிக் கொட்டகையில் விட்டு வளர்க்கும் கலப்பின மாடுகளோடு புதிதாக ஒன்றைச் சேர்த்தால் முட்டல் நடக்கும். முதல் இரண்டு நாள் கடுமையாக இருக்கும், அடங்க ஒரு வாரம் ஆகலாம். அதிகம் அடிபடுவது தலையீற்றுக் கிடேரிதான்.

எந்தத் தீவனச் சேர்க்கையும் முட்டலை நிறுத்தாது, காப்பாற்றுவது வயிற்றைத்தான். விரட்டப்படும் மாடு தொட்டிக்குப் பிந்தி வந்து, கிடைத்த இடைவெளியில் அடர்தீவனத்தை (தவிடு, பிண்ணாக்கு, தானியக் கலவை) அவசரமாக வாரித் தின்னும். படுத்து அசைபோடும் நேரம் குறையும். அதனால் உமிழ்நீர் குறைந்து, தீவனம் புளிக்கும் முதல் வயிறான பெருவயிற்றில் அமிலம் ஏறும். சாணம் இளகுவதும் பாலில் கொழுப்பு இறங்குவதும் இதன் விளைவே. சொசைட்டியில் விலை குறைந்த பிறகுதான் பலர் கவனிக்கிறார்கள்.

உயிருள்ள ஈஸ்ட்டை மாட்டைச் சேர்க்கும் அன்று தொடங்கினால் பயன் குறைவு. வயிற்று நுண்ணுயிர்கள் பழக இரண்டு வாரமாவது வேண்டும். வாங்கி வந்த மாட்டை 21 நாள் தனியே வைத்திருப்பீர்கள் அல்லவா, அதில் முதல் வாரம் முடிந்ததும் ஆரம்பியுங்கள். சேர்த்த பிறகு இன்னும் மூன்று வாரம் தொடருங்கள். ஒரு மாட்டுக்கு நாளைக்கு 1000 முதல் 2000 கோடி உயிரணுக்கள் போக வேண்டும். பாக்கெட்டில் கிராமுக்கு 2000 கோடி என்றிருந்தால் ஒரு கிராம் போதும். 500 கோடி என்றால் 2 முதல் 4 கிராம். எண்ணிக்கையே அச்சிடாத பொடியை வாங்க வேண்டாம். இவ்வளவு சிறிய அளவை நேராக மூட்டையில் கலந்தால் பரவாது. முதலில் 100 கிராம் தவிட்டில் கலந்து, பிறகு அந்த வேளைத் தீவனத்தில் சேருங்கள். சூடான கஞ்சியில் போட்டால் ஈஸ்ட் செத்துவிடும். கை பொறுக்கும் சூட்டுக்கு நன்றாக ஆறட்டும்.

சோடா உப்பு, அதாவது சமையல் சோடா, கறவையில் உள்ள மாட்டுக்கு மட்டும். 400 கிலோ எடையுள்ள மாட்டுக்கு நாளைக்கு 100 கிராம், காலை மாலை பாதிப் பாதி. முதல் நாளே முழு அளவு போட்டால் சுவை பிடிக்காமல் தீவனத்தையே ஒதுக்கும். 30 கிராமில் தொடங்கி ஐந்தாறு நாளில் ஏற்றுங்கள். கன்று ஈன மூன்று வாரம் இருக்கும் சினை மாட்டுக்குக் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள சோடியம், ஈன்றதும் பால் காய்ச்சல் (ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கி மாடு படுத்துவிடும் நோய்) வரும் வாய்ப்பைக் கூட்டும். துணிக்குப் போடும் சோடா வேறு பொருள், வாயையும் வயிற்றையும் புண்ணாக்கும். தாது உப்புக் கலவை 50 கிராம் வழக்கம்போலப் போகட்டும்.

இவை எதையும் பொதுத் தொட்டியில் கொட்டாதீர்கள். அடக்கி ஆளும் மாடுதான் தின்னும், தேவைப்பட்ட மாட்டுக்கு ஒன்றும் சேராது. கறக்கும்போது தனி வாளியில் கொடுங்கள். தொட்டியில் மாட்டுக்கு இரண்டரை அடி இடமும், கொட்டகையின் இரண்டு மூலையில் தண்ணீரும் வேண்டும். முடிந்தால் புது மாட்டை ஒற்றையாக விடாமல் இரண்டு மாடுகளை ஜோடியாக, மாலைக் கறவை முடிந்ததும் விடுங்கள்.

‘மாட்டைச் சாந்தப்படுத்தும்’ என்று டிரிப்டோபன் (ஒரு வகை அமினோ அமிலம்) பொடி விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். பூச்சு இல்லாத பொடியைப் பெருவயிற்று நுண்ணுயிர்களே சிதைத்துவிடும். அளவு மிஞ்சினால் அப்போது உண்டாகும் பொருள் நுரையீரலைத் தாக்கி மூச்சுத் திணறலைக் கொண்டுவரும்.

தினமும் தீவனம் வைத்த ஒரு மணி நேரத்தில் மாட்டின் இடப்பக்கம், கடைசி விலாவுக்குப் பின்னால் உள்ள குழியைப் பாருங்கள். குழி விழுந்தே இருந்தால் அது தின்னவில்லை. சோடா உப்பைக் கூட்டுவதில் பயனில்லை, தொட்டி இடத்தைச் சரிசெய்யுங்கள். குழி நிறைந்தும் சாணம் நுரைத்து இளகினால் அடர்தீவனத்தைக் குறைத்து வைக்கோலைக் கூட்டுங்கள். ஈன்று சில வாரமே ஆன மாடு அடர்தீவனத்தை விட்டு வைக்கோலை மட்டும் கடித்து, மூச்சில் இனிப்பு வாடையும் அடித்தால், அன்றே கால்நடை மருத்துவரை வரவழையுங்கள்.